கலந்து எண்ணிய காலம், பிரித்து எண்ணும் காலம்

1967 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கிய வாக்கு 41.10 விழுக்காடு, தி.மு.க. வாங்கியது 40.69. இடங்களோ காங்கிரசுக்கு 51, தி.மு.க.வுக்கு 137. அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர் எவரும் என்றாவது ஒருநாள் முட்டிக்கொண்டு நிற்கும் கணக்கு இது. 1980களின் கடைசியில் நான் முதுகலை படித்தபோது, இந்த நான்கு எண்களையும் ஒரே தாளில் எழுதிமுடிக்க எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போக வேண்டும். தேர்தல் ஆணைய அறிக்கையைக் கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அது வரும்வரை உட்கார்ந்திருந்து, வந்தபின் பார்த்தெழுத வேண்டும். வேறொருவர் கையில் இருந்தால் மறுநாள்தான். இன்று என் மாணவி பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கைப்பேசியில் எடுத்துவிடுகிறாள்.

ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படி விழுந்தது என்ற கேள்வி இருக்கிறது. தி.மு.க. நின்றது 174 இடங்களில் மட்டுமே. மற்ற இடங்களைச் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை, கொள்கையில் ஒன்றோடொன்று ஒட்டாத கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. காங்கிரசோ ஏறத்தாழ எல்லா இடத்திலும் நின்றது. எதிர் வாக்கு சிதறாமல் ஓரிடத்தில் சேர்ந்த கதை இது. இதைத் தொகுதி தொகுதியாகப் பார்த்து விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. என் மாணவிக்கும் ஒரு வாரம்தான் ஆகிறது.

அன்று எங்களுக்கு இன்டர்ன்ஷிப் என்று எதுவும் கிடையாது. துறைத்தலைவர் கையெழுத்திட்டு, கல்லூரி முத்திரை குத்திய அறிமுகக் கடிதம் உண்டு. இவர் எங்கள் மாணவர், ஆய்வுக்கு வேண்டிய உதவியைச் செய்ய வேண்டுகிறோம் என்று நாலு வரி. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவு, கட்சி அலுவலகம், பத்திரிகை அலுவலகம் என்று எங்கு வேண்டுமானாலும் படியேறலாம். மடிப்பில் கிழிந்தால் பின்னால் தாள் ஒட்டிக்கொள்வோம். உதவித்தொகை இல்லை, சான்றிதழ் இல்லை, அவையெல்லாம் கிடைக்கக்கூடியவை என்ற எண்ணமும் இல்லை.

இன்று பல்கலைக்கழக மானியக் குழுவே இளங்கலை மாணவரின் பயிற்சிக்கு 60 முதல் 120 மணி நேரம் என்று வரையறை வகுத்திருக்கிறது. 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கூகுள் படிவத்தில் விண்ணப்பம், ஜூமில் நேர்காணல். ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் துறைப் பிள்ளைகள் கொள்கை ஆய்வு மையங்களுக்கும் எம்.பி. அலுவலகங்களுக்கும் தேர்தல் வியூக நிறுவனங்களுக்கும் தன்விவரக் குறிப்பு அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அரசியல் அறிவியல் படித்தால் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் போ, இல்லாவிட்டால் சட்டக் கல்லூரிக்குப் போ என்ற இரண்டே அறிவுரை இருந்த காலத்திலிருந்து பார்த்தால், இது நல்ல மாற்றம்தான். அந்த இரண்டையும் விரும்பாத பிள்ளைக்கு அன்று போக்கிடம் இருக்கவில்லை.

என் ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது 1989 சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டு கழிந்து, அந்த ஜனவரியில் நடந்த தேர்தல். அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் சின்னங்கள். காங்கிரஸ் தனி. நான்கு முனைப் போட்டியில் தி.மு.க. 33 விழுக்காடு வாக்கில் 150 இடங்களைப் பிடித்தது. 1967இன் பாடத்தைத் தலைகீழாக வைத்துப் படித்ததுபோல் இருந்தது.

தில்லியில் 1963இல் ரஜனி கோத்தாரி தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் 1967, 1971, 1980 தேர்தல்களில் வாக்காளரை நேரில் கண்டு ஆய்வு நடத்தியிருந்தது. பிறகு அந்த வரிசை நெடுநாள் நின்றுபோய் 1996இல்தான் மறுபடி தொடங்கியது. என் 1989 அந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது. ஆகவே, யார் எதற்காக யாருக்கு வாக்களித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் நானே போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை.

போனேன். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். என்னிடம் சைக்ளோஸ்டைல் எடுத்த வினாத்தாள் ஒரு கட்டு. வாரம் முழுவதும் தங்க அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் வீட்டுத் திண்ணை. வினாத்தாளில் 24 கேள்விகள் இருந்தன. மூன்றாவது கேள்விக்கு மேல் எந்த வீட்டிலும் வரிசைப்படி போனதில்லை. ஒரு மூதாட்டி, “எலையக் காணோமேய்யா, எங்க போட்டாக?” என்று என்னையே கேட்டார். தேர்தல் முடிந்து மாதக் கணக்காகியும் அவருக்கு அதுதான் கேள்வி. சேவலுக்குப் போட்டாரா புறாவுக்குப் போட்டாரா என்று நான் கேட்க, அவர் தன் மகன் கம்பம் போனது, சத்துணவுக் கூடத்தில் மருமகளுக்கு வேலை கிடைத்தது, எம்.ஜி.ஆர். ஒருமுறை தேனிச் சாலையில் காரை நிறுத்திக் கை காட்டியது என்று ஒரு மணி நேரம் பேசினார். விடை கட்டத்துக்குள் அடங்கவில்லை. தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டில் உருப்படியாக வந்தது அந்தப் பின்பக்கங்கள்தான்.

இன்றைய களப்பணியில் பின்பக்கம் இல்லை. கைப்பேசிச் செயலியில் கேள்வி ஒவ்வொன்றாகத் தோன்றும். விடையைத் தொட்டால்தான் அடுத்த கேள்வி திறக்கும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பேசினார் என்பதெல்லாம் பதிவாகும். பல நிறுவனங்களில் உரையாடலின் ஒலியும் பதிவாகி, மேற்பார்வையாளர் காதுக்குப் போகும். வீட்டுக்கே போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது அந்நாளில் பரவலான கைங்கரியம். அதை இந்தச் செயலி ஏறத்தாழ ஒழித்துவிட்டது. எந்த வீட்டில் கேட்பது என்பதையும் மாணவர் தீர்மானிப்பதில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து கணக்குப்படி எடுத்த பெயர்கள் கையில் இருக்கும். நான் எனக்கு வசதியான வீடுகளில், பேசக்கூடிய ஆட்களிடம், பெரும்பாலும் ஆண்களிடம் கேட்டேன். முறைப்படி பார்த்தால் என் ஆய்வு நிற்காது. தில்லி மையத்தின் 1996 ஆய்வில் நாடு முழுவதும் ஏறத்தாழ 9,600 பேரிடம் கேட்டார்கள். 2004இல் 27,000 பேருக்கு மேல். இப்படிப் பெருகிய ஆய்வுகளில் வீடு வீடாக நடந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கல்லூரி மாணவர்களே. யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்வியை வாயால் கேட்காமல், மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லிவிட்டு, மாணவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அந்தச் சின்னப் பெட்டி எனக்குத் தெரியாமல் போனதே என்று இன்றும் தோன்றும்.

பெண்கள் களத்துக்கு வந்தது இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஏழு பெண்கள் இருந்தார்கள்; ஒருவரையும் வீட்டில் களப்பணிக்கு விடவில்லை. அவர்கள் அனைவரும் நூலகத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய தலைப்புகளையே எடுத்துக்கொண்டார்கள். இன்று எங்கள் துறையிலிருந்து களத்துக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அடுப்படி வரை போய் உட்கார்ந்து பேச அவர்களால் முடிகிறது. வாசலில் நின்ற ஆணிடம் வீட்டுக்காரர் சொன்ன விடைக்கும், உள்ளே உட்கார்ந்த பெண்ணிடம் அவர் மனைவி சொன்ன விடைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது இப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது.

மாறியது கேட்பவர் மட்டுமல்ல. அன்று கல்லூரியிலிருந்து வந்திருக்கிறேன் என்றால் மோர் வந்தது. இன்று முதல் கேள்வி, “எந்தக் கட்சிம்மா அனுப்பிச்சுது?” கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினாலும் அரைகுறையாகத்தான் நம்புகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. தேர்தல் நெருங்கினால் ஒரே தெருவுக்கு நாலு குழுக்கள் வருகின்றன; போதாக்குறைக்குப் பதிவுசெய்த குரலில் தொலைபேசி அழைப்பும் வருகிறது. அப்படிக் கேட்டுக் கேட்டு அலுத்த வாக்காளர், விடை சொல்வதில் தேர்ந்துவிட்டார். யாருக்கு என்ன சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

இனி எண்களுக்கு வருகிறேன். ஏனென்றால் ஆராய்ச்சியின் அடித்தளமே அங்கேதான் அடியோடு மாறியிருக்கிறது. 1989இல் எனக்குக் கிடைத்த மிகச் சிறிய அலகு சட்டமன்றத் தொகுதி. அதற்குக் கீழே இறங்க வழியில்லை. வாக்குச்சீட்டில் முத்திரை குத்திய முறையில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்தபின் எண்ணுவதற்கும் தேர்தல் நடத்தை விதிகளில் இடம் இருந்தது. எந்த ஊர் எந்தக் கட்சிக்குப் போட்டது என்பது வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் ஜெயித்தவர் அந்த ஊரைப் பழிவாங்குவார் என்ற அச்சமே அதற்குக் காரணம். வாக்குச்சீட்டின் கடைசிக் காலத்தில் நம் ஊரில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று, வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. அதையும் எண்ணி முடித்தார்கள். அந்த ஆண்டே சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்குத் தாவியது.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. ஒவ்வொரு இயந்திரமும் ஒரு சாவடியின் கணக்கைத் தனியாகச் சொல்லும். அந்தக் கணக்கு படிவம் 20 என்ற தாளில் ஏறும்; அந்தப் படிவம் இன்று இணையத்தில் கிடைக்கும். ஆக, இன்றைய மாணவர் தொகுதிக்குக் கீழே, ஊருக்குக் கீழே, ஆயிரம் வாக்காளர் அளவிலான ஒற்றைச் சாவடி வரை இறங்கலாம். இந்தப் பள்ளிக்கூடத்தின் வடக்கு அறையில் 412, தெற்கு அறையில் 190 என்று படிக்கலாம். வடக்கு அறைக்கு எந்தத் தெரு, தெற்கு அறைக்கு எந்தத் தெரு என்று தெரிந்தவருக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தெரு என்றால் என்ன பொருள் என்பது எல்லாரும் அறிந்ததே.

ஆராய்ச்சிக்கு இது பெரும் செல்வம். எனக்கு 1989இல் இது கிடைத்திருந்தால் என் ஆய்வேட்டின் பாதியை வேறுமாதிரி எழுதியிருப்பேன். ஆனால் இந்தச் செல்வத்தை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அந்த வாக்காளர்களிடமிருந்த ஒரு பாதுகாப்பை எடுத்துத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேர்தல் ஆணையமே இதை உணர்ந்து, பல இயந்திரங்களின் கணக்கைக் கூட்டி மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் கருவியை 2008இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. கருவி இன்னும் வரவில்லை. வந்தால் என் மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளில் பாதி அடிபட்டுப் போகும். வர வேண்டும் என்றுதான் நான் வகுப்பில் சொல்கிறேன், அவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

எல்லா எண்ணும் இப்படிப் பெருகிவிடவில்லை. நான் ஆய்வு செய்தபோது என் கையில் இருந்தது 1981 மக்கள்தொகைக் கணக்கு. எட்டு வயதுதான் ஆகியிருந்தது. இன்றைய மாணவர் பயன்படுத்துவது 2011 கணக்கு. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளித் தள்ளிப் போய், 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பாக நிற்கிறது. நேற்றைய வாக்கைச் சாவடி வாரியாக அறிந்தவர், அந்தச் சாவடிப் பகுதியில் இன்று எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதற்கு 2011ஐக் கேட்கிறார். சாதிக் கணக்கோ அதைவிடப் பழையது. தேசிய அளவில் முழுமையாக வெளியானது 1931இல். தமிழ்நாட்டில் 1980களில் அம்பாசங்கர் ஆணையம் வீடு வீடாக எடுத்த கணக்கைத்தான் நான் மேற்கோள் காட்டினேன்; என் மாணவர்களும் அதையே காட்டுகிறார்கள். இந்த ஒரு இடத்தில் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

தொகுதி எல்லைகளும் இடையில் நகர்ந்துவிட்டன. 2008 மறுவரையறையில் சென்னையின் பூங்கா நகரும் புரசைவாக்கமும் தொகுதிப் பட்டியலிலிருந்தே போயின. வேளச்சேரி புதிதாக வந்தது. 2006க்கும் 2011க்கும் ஒரே பெயரில் இருக்கும் தொகுதியை நேரடியாக ஒப்பிட்டு, வாக்கு இவ்வளவு சரிந்தது என்று வண்ணப் படம் வரைந்து கொண்டுவரும் பயிற்சி மாணவரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கையால் பார்த்தெழுதியவனுக்கு அந்த எல்லை மாற்றம் பத்தாவது வரியிலேயே கண்ணில் குத்தியிருக்கும். பதிவிறக்கியவருக்கு அட்டவணை தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வேட்பாளரைப் பற்றிய செய்தியில் கிடைத்தது முழுக்க லாபம். 1989இல் ஒரு வேட்பாளரின் சொத்து என்ன, அவர்மேல் என்ன வழக்கு என்பது உள்ளூர் நிருபரின் வாய்மொழிதான். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் 2002இலும், தொடர்ந்து 2003இலும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் வேட்பாளர் சொத்தையும் வழக்கையும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் நாட்டுக்கு 2005இல் வந்தது. தமிழ்நாடு 1997இலேயே தனக்கென ஒன்று இயற்றியிருந்தது. 2024 பிப்ரவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்து, மறுமாதம் வாங்கியவர் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் வெளியானபோது, எங்கள் மாணவர் சிலர் எண்ணோடு எண்ணைப் பொருத்தி விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தலைமுறைக்கு அப்படி ஓர் இரவு வாய்க்கவில்லை.

ஆவணக் காப்பகமும் மாறியிருக்கிறது. எழும்பூரில் 1909இல் எழுந்த செங்கல் கட்டடத்தில், துணியில் கட்டிய அரசாணைக் கட்டுகளைப் பிரிக்கும்போது எழும் தூசிக்குத் தும்மாத ஆய்வாளர் இல்லை. கேட்ட கட்டு வருவதற்குள் பக்கத்து மேசைக்காரருடன் பேச்சு ஏற்படும். அவர் தேடுவது வேறாக இருக்கும். ஆனால் நான் தேடுவது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவன நூலகத்திலும் இப்படித்தான். இன்று சட்டப்பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் மின்னுருவாகி இணையத்தில் ஏறியிருக்கின்றன. நாடாளுமன்ற விவாதங்களும் அப்படியே. ஊரில் இருந்துகொண்டே எல்லாம் படிக்கலாம். சென்னையில் தங்க உறவினர் வீடு இல்லாத மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவனுக்குத் தெரியும்.

தில்லிக்குப் போகும் வாய்ப்பும் புதியதே. 2005இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். சட்டமியற்றல் ஆய்வு நிறுவனம் 2010 முதல் லேம்ப் என்ற திட்டத்தில் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஓர் எம்.பி.யிடம் ஏறத்தாழ ஓராண்டு அனுப்பிவைக்கிறது. உதவித்தொகையும் உண்டு. அதற்கு முன் பெரும்பாலான எம்.பி.க்களுக்கு இருந்தது கடிதம் அடிக்க ஓர் உதவியாளர், இரயில் டிக்கெட் கோட்டாவுக்கு ஓர் உதவியாளர். கேள்விக்கோ பேச்சுக்கோ குறிப்பு வேண்டுமானால் நாடாளுமன்ற நூலகத்தில் கேட்டு வாங்கலாம், கேட்டவர் குறைவு.

அந்தத் திட்டத்தில் போய் வந்த எங்கள் மாணவர் ஒருவர் முதலில் கற்றுக்கொண்டது கேள்வி எழுதுவது. மக்களவையில் ஒரு நாளுக்கு வாய்மொழி விடைக்கான கேள்வி 20தான். எழுத்து விடைக்கு 230. பதினைந்து நாள் முன்பே கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வர வேண்டும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக்கூடாது. அதில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, கிண்டல் கூடாது, அடைமொழி கூடாது. “எங்க ஊர் மேடைப்பேச்சில இதையெல்லாம் எடுத்துட்டா என்ன சார் மிச்சம் இருக்கும்?” என்று சிரித்தார். ஆனால் அவர் ஆய்வேட்டின் நடை அந்த ஓராண்டில் வேறாகிவிட்டது. எந்த வாக்கியத்தையும் ஆதாரமில்லாமல் விடுவதில்லை.

அவர் சொன்ன இன்னொன்று யோசிக்கவைத்தது. மசோதாவை வரி வரியாகப் பிரித்து, எங்கே ஓட்டை என்று காட்டி அவர் எழுதிக் கொடுத்த குறிப்பை எம்.பி. அவையில் அப்படியே பேசினார். பேசி முடித்து, கட்சிக் கொறடா சொன்னபடி வாக்களித்தார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு வேறு வழியும் இல்லை. ஆராய்ச்சி பேச்சுக்கு உதவும், வாக்கை அசைக்காது. அந்தச் சட்டத்துக்கு முன்பு, வாக்கு அசையக்கூடியதாக இருந்த காலத்தில், எம்.பி.யிடம் ஆராய்ச்சி செய்து கொடுக்க ஆள் இல்லை. தனிநபர் மசோதாவின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையில் நிறைவேறியது பெரிய நிகழ்வு; 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமாகாத நாடு இது. அந்த மசோதாவும் ஆகவில்லை. ஆயினும் அரசு தன் பங்குக்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

எங்கள் மாணவர்களில் பெரும்பகுதி போவது தில்லிக்கு அல்ல, தேர்தல் வியூக நிறுவனங்களுக்கு. 2021 தேர்தலுக்காகப் பிரசாந்த் கிஷோரின் ஐபேக் நிறுவனத்தோடு தி.மு.க. கைகோத்ததை 2020 பிப்ரவரியில் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதன்பின் இந்தத் தொழில் நம் கல்லூரிகளுக்கு நன்றாகவே அறிமுகமாகிவிட்டது. வரிசையாகக் கணினிகள், சுவரில் தொகுதி வரைபடம், காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளை முதல் வாரம் தொலைபேசியில் கேள்வி கேட்கும். இரண்டாம் வாரம் வந்த விடைகளை அட்டவணை ஆக்கும். மூன்றாம் வாரம் ஒரு தொகுதிக்கு நாலு பக்கக் குறிப்பு எழுதும். அந்தக் குறிப்பு அன்று மாலையே முடிவெடுக்கிறவர் மேசையில் இருக்கும். என் ஆய்வேட்டைப் படித்தவர்கள் என் வழிகாட்டியும் வெளித்தேர்வாளரும் தட்டச்சு செய்த அம்மாவும் மட்டுமே. அவர்களில் கவனமாகப் படித்தவர் அந்த அம்மாதான்.

இந்தத் தொழில் புதிது என்று இந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள். நான் பார்த்த கிளைச் செயலாளர் ஒருவர் 1989இலேயே வாக்காளர் பட்டியலை நீளக் கணக்கு நோட்டில் கைப்பட எழுதி வைத்திருந்தார். பெயருக்கு எதிரே நமக்கு என்றால் சுழி, இல்லை என்றால் கோடு, ஊசலாட்டம் என்றால் புள்ளி. ஊரை விட்டுப் போனவர் பெயர்மேல் பென்சில் அடி. எங்கே போனார், பொங்கலுக்கு வருவாரா என்று ஓரத்தில் குறிப்பு. “தம்பி, இதுல தப்பு இருந்தா ஓட்டு எண்ணுற அன்னிக்கு நான்தான் தலைகுனியணும்” என்றார். இன்றைய செயலியில் அதே சுழிக்குப் பச்சை, கோட்டுக்குச் சிவப்பு, புள்ளிக்கு மஞ்சள். நோட்டு அவர் வீட்டுப் பரணில் இருந்தது, அவர் அந்த ஊரிலேயே இருந்தார். ஊசலாட்டம் என்று புள்ளி வைக்கப்பட்டவர் அவரைத் தெருவில் பிடித்துத் திட்டவும் முடிந்தது. மஞ்சள் நிறத்தில் இருப்பவருக்குத் தான் மஞ்சள் என்றே தெரியாது.

அன்று நாங்கள் முடிந்த தேர்தலைப் புரிந்துகொள்ள ஆராய்ந்தோம். இவர்கள் வரப்போகும் தேர்தலை வெல்ல ஆராய்கிறார்கள். அதனால் கேள்வியே வேறாகிவிடுகிறது. ஏன் இப்படி வாக்களித்தார்கள் என்று நான் கேட்டேன். எதைச் சொன்னால் மாற்றி வாக்களிப்பார்கள் என்று இவர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்ததும் முதல் கேள்வி யாருக்கும் தேவைப்படுவதில்லை.

என் ஆய்வேடு கறுப்பு ரெக்சின் அட்டையோடு மூன்று படிகள். ஒன்று இன்னும் துறை நூலகத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம், குறை சொல்லலாம். இந்தப் பிள்ளைகள் சேரும் அன்றே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். தமிழ்நாட்டு வாக்காளரைப் பற்றி இதுவரை இவ்வளவு பேரிடம், இவ்வளவு கேள்விகளோடு ஆய்வு நடந்ததில்லை. நாளை 2021 தேர்தலின் வரலாற்றை எழுத உட்காருபவருக்குப் படிவம் 20 கிடைக்கும், உறுதிமொழிப் பத்திரங்கள் கிடைக்கும். இந்த ஆய்வுகளில் ஒன்றுகூடக் கிடைப்பது சந்தேகம்.

அப்படி ஒரு நிறுவனத்தில் பயிற்சி முடித்த மாணவி, முதல் முறை வாக்களிக்கும் பெண்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். தான் நடந்து நடந்து சேகரித்த விடைகளைப் பெயர் நீக்கிப் பயன்படுத்தலாமா என்று கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். தேர்தல் முடிந்து அந்த அலுவலகத்தை எப்போதோ காலி செய்துவிட்டார்கள். அந்த முகவரியும் செயலில் இல்லை. ஆகவே ஒரே ஓர் ஊராட்சி ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அதே கேள்விகளைத் தன் பெயரில், தன் செலவில் மறுபடி கேட்கப் போகிறாள். இருநூறு வீடு போதும் என்று சொல்லியிருக்கிறேன். செலவுத் திட்டம் எழுதிக் கொண்டுவந்தாள். வினாத்தாள் நகல், சாப்பாடு, கைப்பேசிக் கட்டணம் என்று வரிசையாக இருந்தது. பயணச் செலவுக்கு எதிரே மட்டும் கோடு போட்டிருந்தாள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. அதையும் முப்பத்தோராவது கேள்வியாகச் சேர்த்திருக்கிறாள்.